இரைச்சல் இல்லாத குவாண்டமா?

பெரும்பாக்கம் பஸ்ல நின்னுக்கிட்டு போன் பேசியிருக்கீங்களா? "கேக்கல, திரும்பச் சொல்லு"ன்னு மூணு தடவை கேட்போம். க்யூபிட்டுக்கு அந்த வசதி கிடையாது. கொஞ்சம் வெப்பம், வழிதவறி வந்த ஒரு ஃபோட்டான் பட்டாலே நிலை கலைஞ்சிடலாம். முன்கூட்டியே காப்பி எடுத்து வைக்கவும் இயற்பியல் விடாது.

1995-ல் பீட்டர் ஷோர் வழி சொன்னார்: ஒரு க்யூபிட்டின் தகவலை ஒன்பதில் பரப்பி வை; தகவலைப் பார்க்காமல் பிழையை மட்டும் கண்டுபிடி. வேளச்சேரி தாண்டினா ஐஐடி மெட்ராஸ். அங்கே பிரபா மண்டயம் இந்தப் பிழைதிருத்தத்தில்தான் ஆய்வு செய்கிறார்.

நாம? சிமுலேட்டரில் இரைச்சலே இல்லாத சர்க்யூட்டை ஓட்டி, ரிவ்யூல "குவாண்டம் ப்ராஜெக்ட்"னு காட்டுறோம். நானும் அதைத்தான் செஞ்சேன், மார்க்கும் வந்துச்சு. ஜூனியர்ஸ், நீங்களாவது நாய்ஸ் மாடலை ஆன் பண்ணி ஓட்டுங்க. விடை சொதப்பும். ப்ராஜெக்டை அங்கேருந்து தொடங்குங்க.