சொத்துக் கணக்கு ஊருக்குத் தெரியட்டும். செல்போன் நம்பர் எதுக்கு?



தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரும் படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம் கொடுத்தாகணும். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் வந்துடும். 2002-ல் உச்ச நீதிமன்றம் "வாக்காளருக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை உண்டு"ன்னு தீர்ப்பு சொன்னதால் கிடைச்சது இது. அதை நீர்த்துப்போகச் செய்ய நாடாளுமன்றமே ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது. 2003-ல் அந்தப் பிரிவையும் நீதிமன்றம் செல்லாதுன்னு தள்ளிடுச்சு. சண்டை போட்டு வாங்கின உரிமை இது. இதில் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்க நாம தயாரா இல்லை.

ஆனா அதே படிவம் வேறு சிலதையும் கேட்குது. வீட்டு முகவரி, செல்போன் எண், மின்னஞ்சல், சமூக வலைதளக் கணக்கு, வேட்பாளரோட பான் எண், கணவன் அல்லது மனைவியோட பான் எண், அவங்களைச் சார்ந்து வாழ்றவங்க விவரம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் ஸ்கேன் ஆகி ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிடும். தேர்தல் முடிஞ்ச பிறகும் யார் வேணும்னாலும் டவுன்லோடு பண்ணலாம்.

பெரிய தலைவருக்கு இதனால் ஒண்ணும் ஆகாது. அவர் கொடுக்கிற நம்பரை உதவியாளர்தான் எடுப்பார். முதல் தடவை நிற்கிற ஒரு பெண்ணை நினைச்சுப் பாருங்க. அவங்ககிட்ட இருக்கிறது ஒரே போன். பிள்ளையோட பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுறதும் அதில்தான், பேங்க் ஓடிபி வர்றதும் அதில்தான். ராத்திரி பதினொரு மணிக்கு முகம் தெரியாத ஒருத்தன் கூப்பிட்டா, "பொது வாழ்க்கைக்கு வந்தா இதெல்லாம் சகஜம்மா"ன்னு சொல்றதுக்கு ஆள் இருக்கு. தோத்த பிறகும் அந்த நம்பர் அங்கேயேதான் கிடக்கும். உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்குன்னு 2016-ல் சட்டம் போட்ட மாநிலம் நம்மது. வேட்புமனு போட வர்ற பெண்களுக்கு நாம கொடுக்கிற வரவேற்பு இதுதானா?

இந்த ஆணையத்துக்கு அந்தரங்கம்னா என்னன்னு தெரியாதுன்னு சொல்லிட முடியாது. 2024 டிசம்பரில் விதி 93 திருத்தப்பட்டு, சிசிடிவி போன்ற மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்க முடியாமப் போச்சு. 2025 ஆகஸ்டில் வாக்குச்சாவடி வீடியோ கேட்டப்போ, தாய்மார்கள், மருமகள்கள், மகள்கள் வீடியோவை எப்படிப் பகிர்வதுன்னு தலைமைத் தேர்தல் ஆணையரே கேட்டார். வாக்காளர் பட்டியலைத் தேட முடியாத படமா போடுறதுக்கும் இதே காரணம்தான் சொல்றாங்க. தங்களைக் கேள்வி கேட்கிறப்போ மட்டும் ஞாபகம் வர்ற அந்தரங்கம், வேட்பாளரோட செல்போன் நம்பரைப் பார்க்கிறப்போ எங்கே போச்சு?

இன்னொண்ணு. இவ்வளவும் வாங்கி வைக்கிற ஆணையம், சொத்துக் கணக்கு உண்மையான்னு தோண்டிப் பார்க்கிறதில்லை. பொய் சொன்னா பிரிவு 125ஏ-ன்படி ஆறு மாதம் வரை சிறைன்னு புத்தகத்தில் இருக்கு. புகார் கொடுத்தவங்களைக் கேட்டா, நீதிமன்றத்துக்குப் போன்னுதான் பதில் வருதுன்னு சொல்லுவாங்க.

"அப்போ அந்தரங்கம்னு சொல்லி சொத்தையும் மறைச்சுடலாமே"ன்னு கிளம்புறவங்களும் இருக்காங்க. எச்சரிக்கையா இருக்கணும். 2024 ஏப்ரலில், அருணாச்சலப் பிரதேச எம்எல்ஏ ஒருவர் வழக்கில், வேட்பாளர் தன்கிட்ட இருக்கிற ஒவ்வொரு பொருளையும் சொல்லணும்னு கட்டாயமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு நாளைக்கு பங்களாவையும் "தனிப்பட்ட விஷயம்"னு சொல்லாம இருக்கணுமே. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் கை வைச்சதையும் நாம பார்த்தோம்.

பிரிட்டனில் வேட்பாளர் விரும்பினால் வீட்டு முகவரியை வெளியிடாம, எந்தத் தொகுதியில் குடியிருக்கிறார்னு மட்டும் சொன்னாப் போதும். ஜனநாயகம் ஒண்ணும் அங்கே கெட்டுப்போயிடலை.

நாம கேட்கிறது சின்ன விஷயம். படிவத்தை இரண்டு பகுதியா பிரிங்க. போன், கதவு எண், பான், குடும்பத்தினர் அடையாள எண்கள் தேர்தல் அதிகாரியோட கோப்பில் இருக்கட்டும். சொத்து மதிப்பு, கடன், வருமானம், வழக்கு எல்லாம் ஒரு எழுத்து மறைக்காம மக்கள் முன்னாடி வரட்டும். இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் இந்தக் கோரிக்கையை அனுப்புறோம். வேட்பாளரா நின்னு இந்தத் தொல்லையை அனுபவிச்ச தோழர்கள், எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, இன்பாக்ஸில் எழுதுங்க. உங்க பேர் வெளியே வராது.

#படிவம்26 #மறைக்காதே_சொத்தை #காட்டாதே_நம்பரை