எழுதப்படாத மரணங்கள்



பட்டியலில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு நிவாரணம் கிடையாது. இடம்பெயர்ந்து வாழும் நீங்கள் இதனை நன்கறிவீர்கள். மரணங்களும் அவ்வாறே.

ஒருகாலத்தில் எம் நாட்டில் பூச்சிநாசினி அருந்தி இறந்தோர் ஏராளம். எந்த நஞ்சு அதிகம் கொல்கிறது என்பதை வைத்தியசாலைகள் பதிந்தன. அப்பதிவுகளின் துணையுடன் 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவையும் 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் தற்கொலை வீதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இன்றைய கவலை ஹெரோயின். அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கிவிடும். உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தால், நலொக்சோன் என்னும் மருந்தால் காப்பாற்றலாம். ஆனால் பதுளையிலோ பசறையிலோ லயமொன்றில் இளைஞன் ஒருவன் இவ்வாறு இறந்தால், வெட்கமும் பொலிஸ் பயமும் வீட்டாரின் வாயை அடைத்துவிடும். மரண விசாரணையில் 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டால் காரணம் அவனுடனேயே புதைந்துவிடும்.

1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 2022இலும் திருத்தப்பட்டது. 'ஐஸ்' போதைப்பொருளுக்கும் கடுந்தண்டனை வந்தது. தண்டிக்கச் சட்டம் உண்டு. இறந்தோரை எண்ணவும் சட்டம் வேண்டும். சந்தேகத்துக்குரிய மரணங்களில் இரத்தம் பரிசோதிக்கப்பட வேண்டும். போதைப்பொருளின் பெயர் பதியப்பட வேண்டும். மாவட்டவாரியாகத் தொகை வெளியிடப்பட வேண்டும். உண்மை சொல்லும் குடும்பத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும்.

வாக்குக் கேட்டு வருவோரிடம் பாதையும் தண்ணீரும் கேட்கிறோம். இதனையும் கேட்போம். எண்ணப்படாத மரணத்துக்காக எந்த அரசும் மருந்து வாங்குவதில்லை.