"வயசானா அப்படித்தான்": இந்தப் பேச்சை முதல்ல நிறுத்துங்க

1/ "75 வயசாச்சு டாக்டர், மறதி இருக்கத்தானே செய்யும்?" வீட்டுல சொன்னாக்கூடப் பொறுத்துக்கலாம். பரிசோதிச்சுப் பார்க்காமலே சில டாக்டர்களும் இதையே சொல்லி அனுப்பிடுறாங்க. அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ வயசு மூளையை என்ன செய்யும்? வேகம் குறையும். ஒரே நேரத்துல ரெண்டு வேலை பார்க்கிறது கஷ்டமாகும். தெரிஞ்ச பேர் நாக்கு நுனியில நின்னு, பத்து நிமிஷம் கழிச்சு வரும். ஆனால் சொல்வளமும் பொது அறிவும் 70 தாண்டியும் பெரும்பாலும் நிலைச்சு நிக்கும்.

3/ ரசத்துக்கு உப்புப் போட மறக்கிறது சகஜம். தினம் வைக்கிற ரசத்தை எப்படி வைக்கிறதுன்னே தெரியாம அடுப்பு முன்னாடி திகைச்சு நிக்கிறது சகஜம் இல்லை. அது நோயின் அறிகுறி.

4/ இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்பது 2023-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. வயசுதான் காரணம்னா மீதி 92 சதவீதம் பேருக்கு வயசே ஆகலையா?

5/ காரணத்தைத் தேடுங்க. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, பி12 குறைபாடு (மெட்ஃபார்மின் பல வருஷமா போடுறவங்க கவனிங்க) எல்லாமே மறதியைக் கொண்டுவரும், வைத்தியமும் உண்டு. தலையில அடிபட்டுச் சில வாரம் கழிச்சுக் குழப்பம் வந்தா, மூளை மேல ரத்தம் கட்டியிருக்கலாம்.

6/ நேத்து வரை நல்லா இருந்தவர் இன்னைக்கு உளறினா அது முதுமை இல்லை, அவசரம். யூரின் இன்ஃபெக்ஷனோ சோடியம் குறைவோ இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

7/ மாத்திரை டப்பாவையும் திறந்து பாருங்க. அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரை, சளிக்குப் போடும் குளோர்பெனிரமின் ரெண்டுமே வயசானவங்க மூளையை மந்தமாக்கும். ஆனா நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.

8/ "ஞாபகசக்தி" டானிக்குக் காசு இருக்கு, காது மெஷினுக்கு இல்லையா? ஜிங்கோ டிமென்ஷியாவைத் தடுக்கலைன்னு 3000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2008-லேயே சொல்லிடுச்சு. காது கேளாமை, பிபி, சர்க்கரை, புகை, தனிமை உட்பட 14 காரணிகளைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது 2024 லான்செட் ஆணையம்.

9/ "அல்சைமர்னா குணமாகாதே, கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுது?" குணமாகாதுதான். ஆனா சீக்கிரம் தெரிஞ்சா தன் பணம், வீடு, வைத்தியம் பத்தி அவங்களே முடிவு சொல்லலாம். தாமதிச்சா அந்த முடிவை நீங்க எடுப்பீங்க. அவங்க உரிமையைப் பறிச்சது நோய் மட்டும் இல்லை, உங்க அலட்சியமும்தான்.

10/ அப்பாவோ அம்மாவோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டா சலிச்சுக்காதீங்க, சிரிக்காதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவரும் "வயசானா அப்படித்தான்"னா, வேற டாக்டரைப் பாருங்க.