எடை சரி, சுண்ணாம்பு சரியா?

கேள்வி: திராட்சையில் அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை தெளித்த இரண்டாம் நாள் இலைகள் கருகின. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சம எடையில்தான் கலக்கப்பட்டன. தவறு எங்கே? – கம்பம் பகுதி வாசகர்

பதில்: எடை சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது சுண்ணாம்பின் தரம்.

சூளையில் சுட்டெடுத்த கல் சுண்ணாம்பு ஓர் ஆக்சைடு. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து நீறும். நீறிய சுண்ணாம்பு ஒரு காரம். மயில்துத்தம், தாமிரமும் கந்தக அமிலமும் சேர்ந்த உப்பு. இது தண்ணீரில் முழுவதும் கரையும்; கரைசலில் சற்றே அமிலத்தன்மை இருக்கும். அப்படியே தெளித்தால் இலையைச் சுட்டுவிடும். சுண்ணாம்புக் காரம் சேர்ந்தால் தாமிரம் எளிதில் கரையாத நீலப் படிவாக மாறும். கூடவே ஜிப்சமும் உண்டாகும். இந்த நீலப் படிவுதான் இலையில் ஒட்டி நின்று, சிறிது சிறிதாகத் தாமிரத்தை விட்டுப் பூசணத்தைத் தடுக்கிறது.

மூட்டையைத் திறந்து போட்டால் சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும். நாளடைவில், சுடுவதற்கு முன் இருந்தது போலவே கால்சியம் கார்பனேட்டாகிவிடும். பார்வைக்கு அதே வெள்ளைத் தூள்தான். ஆனால் காரத்தின் வேகம் போயிருக்கும். எடை சரியாகப் போட்டும் தாமிரம் மிஞ்சுவது இதனால்தான்.

கலக்கும் முறை: 1 சதக் கலவைக்கு 400 கிராம் மயில்துத்தத்தை 20 லிட்டர் தண்ணீரில் கரைக்கவும். 400 கிராம் கல் சுண்ணாம்பை மண்பானையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றி, ஆறவிட்டு, வடிகட்டி 20 லிட்டராக்கவும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் போதும். இரும்பு வாளியும் தகர டிரம்மும் கூடாது; தாமிரம் அவற்றில் படிந்துவிடும்.

கத்திச் சோதனை: தெளிக்கும் முன், நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் கரைந்த தாமிரம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். இரும்பு கரைசலுக்குள் போக, தாமிரம் வெளியே வந்து கத்தியில் ஒட்டுகிறது. கத்தி வெளுப்பாகவே வரும்வரை சுண்ணாம்புப் பால் சேர்த்துக் கலக்குங்கள்.

கலந்த அன்றே தெளித்துவிடுங்கள். வைத்திருந்தால் ஒட்டும் தன்மை குறையும். சுண்ணாம்பைத் தூளாக வாங்காமல் கட்டியாக வாங்கி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். தண்ணீர் விட்டதும் சூடேறாத சுண்ணாம்பு வெள்ளையடிக்கக்கூட உதவாது, மருந்துக்கு வேண்டவே வேண்டாம்.

கருகிய இலை பழையபடி ஆகாது. அடுத்த தெளிப்புக்கு முன் கத்தியைத் தேய்த்து வைத்துக்கொண்டால், புதுத் தளிரைக் காப்பாற்றலாம்.