ஆலமரத்தடியில் நிற்பவர்கள் யார்?

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



கோயமுத்தூருக்கும் சினிமாவுக்கும் உள்ள சொந்தம் இன்று நேற்று வந்ததல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914ல் அவர் கோவையில் கட்டிய தியேட்டரின் பெயரைத்தான் வெரைட்டி ஹால் ரோடு இன்றும் சுமந்து கொண்டிருக்கிறது. 1947ல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'ராஜகுமாரி'யில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அந்தப் படத்தின் வசன வேலையில் இருந்த இளைஞர் மு. கருணாநிதி. ஒருவர் 1969ல் முதலமைச்சர், மற்றவர் 1977ல் முதலமைச்சர்!

ஆகவே, "சினிமாதானே, விட்டுத் தள்ளுங்க" என்று வேறு எந்த ஊர்க்காரன் சொன்னாலும் நாம் சொல்ல முடியாது. இரண்டு முதலமைச்சர்கள் ஒன்றாக வேலை பார்த்த ஸ்டுடியோ நம்ம ஊரில் இருந்தது. திரையில் காட்டுவது தரையில் நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்தத் திரையில் நம் கொங்கு மண்ணை எப்படிக் காட்டினார்கள், அதைப் பார்த்துப் பார்த்து நம் கண் எப்படிப் பழகிவிட்டது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சொம்பும் தீர்ப்பும்

1992ல் 'சின்னக் கவுண்டர்', 'தேவர் மகன்'. 1993ல் 'எஜமான்'. 1994ல் 'நாட்டாமை'. நாம் பிறப்பதற்கு முன்பே வெளிவந்த படங்கள்தான். ஆனாலும் டி.வி.யில் எத்தனை முறை போட்டாலும் சலிக்காமல் பார்க்கிறோம். எங்க அம்மாயி 'சின்னக் கவுண்டர்' ஓடினால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்காது! அந்தப் படங்களில் நல்ல பாட்டு உண்டு, நல்ல நகைச்சுவை உண்டு, கண்ணீர் உண்டு. பொள்ளாச்சியின் தென்னந்தோப்பும் கோபிச்செட்டிபாளையத்தின் வயலும் வாய்க்காலும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது சினிமாவால்தான். அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த மாதிரிப் படங்களில் வரும் பஞ்சாயத்துக் காட்சியை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஆலமரம். திண்ணை. நடுவில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சொம்பு. எதிரே ஊரே கூடி நிற்கும். அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிலர் நிற்பார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது. தீர்ப்பு சொன்னதும் கும்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு வேலை.

தீர்ப்புதான் என்ன? 'நாட்டாமை'யில் ஒரு பெண்ணைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டி வைக்கச் சொல்கிறார் பெரிய நாட்டாமை. அந்தக் குடும்பத்தை 18 வருஷம் ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கிறார். பின்னால் வரும் நாட்டாமை தன் சொந்தத் தம்பியையே 10 வருஷம் ஒதுக்கி வைக்கிறார். தியேட்டரில் கைதட்டல்! அந்தப் பெண்ணிடம் "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. போலீஸ், கோர்ட், வக்கீல் எதுவுமே இல்லை. நீதி என்பது ஒரே குடும்பத்தில் அப்பாவிடமிருந்து மகனுக்கு, தோட்டம் துரவு மாதிரி, பாத்தியப்பட்ட சொத்தாக வருகிறது.

நிஜத்தில் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2011ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டப் பஞ்சாயத்து முழுக்க முழுக்கச் சட்டவிரோதம் என்று சொன்னது. டீக்கடை இரட்டைக் குவளை முறையையும் அதே தீர்ப்பில் கண்டித்தது. சட்டம் ஒரு பக்கம், நாம் கைதட்டியது வேறொரு பக்கம்.

"அந்தத் தலைவர் நல்லவர்தானே, ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தாரே" என்று கேட்கலாம். கொடுத்தார்தான். ஆனால் கொடுக்கிற கை எப்போதும் ஒரே வீட்டுக் கையாகவும், வாங்கிக் கும்பிடுகிற கை எப்போதும் ஒரே தெருக் கையாகவும் காட்டினால், பார்க்கிற சின்னப் பையன் மனசில் என்ன பதியும்? "உலகம் இப்படித்தான்" என்று பதியும். அவன் எந்தத் தெருப் பையனாக இருந்தாலும் சரி.

அமெரிக்காவும் இதே கதைதான்

இந்த விவகாரம் நமக்கு மட்டும் வந்ததல்ல. நம் ஊரில் சாதி என்றால் அங்கே நிறம்.

1915ல் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற படத்தில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு கறுப்பர்களை மிருகங்களைப் போல நடித்துக் காட்டினார்கள். முகமூடி போட்ட கு க்ளக்ஸ் கிளான் கும்பல்தான் படத்தில் வீரர்கள்! அந்தப் படம் ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. செத்துப் போயிருந்த அந்தக் கும்பல் அதே வருஷம் மறுபடி உயிர் பெற்றது. கறுப்பர் உரிமைச் சங்கத்தார் எவ்வளவோ எதிர்ப்புக் காட்டியும் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

'கான் வித் தி விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் 1940ல் ஆஸ்கர் விருது வாங்கினார். விருது வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். ஆனால் அந்த விழாவில் உடன் நடித்தவர்களோடு அவரை உட்கார வைக்கவில்லை. தள்ளிச் சுவர் ஓரமாகத் தனி மேஜை! நம்ம ஊர் இரட்டைக் குவளைக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

1991 மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸார் அடித்து நொறுக்கியதை, ஒருவர் தன் வீட்டு பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. இனி தப்ப முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1992 ஏப்ரலில் ஜூரிகள் அந்த நான்கு போலீஸாரில் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று சொல்லவில்லை. நகரமே பற்றி எரிந்தது. 50 பேருக்கு மேல் செத்தார்கள்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். காட்சி கண்ணெதிரே இருந்தும் ஜூரிகளுக்கு ஏன் தெரியவில்லை? கறுப்பன் என்றால் முரடன், அவனை அடக்கத்தான் வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் திரையும் பத்திரிகையும் கண்ணைப் பழக்கி வைத்திருந்தன. கேமரா உண்மையைப் பிடித்தால் மட்டும் போதாது நண்பர்களே, பார்க்கிற கண்ணும் நேராக இருக்க வேண்டும். நம் ஒர்க் ஷாப்பில் ஜீரோ பிழை உள்ள வெர்னியரால் எத்தனை முறை அளந்தாலும் அளவு தப்பாகத்தானே வரும்!

உடுமலையும் திருச்செங்கோடும்

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே பட்டப்பகலில் சங்கர் என்ற பொறியியல் மாணவர், காதலித்துக் கல்யாணம் செய்த குற்றத்துக்காக, மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டுப்பட்ட மனைவி பிழைத்தார். சி.சி.டி.வி. கேமரா அத்தனையையும் பதிவு செய்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

அதற்கு முந்தைய வருஷம், 2015 ஜூனில், ஓமலூர் கோகுல்ராஜ். அவரும் பொறியியல் படித்தவர்தான். திருச்செங்கோடு மலைக் கோயிலில் ஒரு தோழியுடன் பேசிக்கொண்டிருந்தவர், மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கோயில் கேமராப் பதிவு அந்த வழக்கில் முக்கியமான சாட்சி. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகளே 2023ல் கோயிலுக்கு நேரில் வந்து கேமரா இருந்த இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் குற்றவாளிகள் என்பதை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனால் இந்த வழக்கின் முக்கியக் குற்றவாளி போலீஸ் தேடிக்கொண்டிருந்த நாட்களில் என்ன செய்தார் தெரியுமா? வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பினார், டி.வி.க்குப் பேட்டி கொடுத்தார். அதைப் பகிர்ந்து அவரை வீரன் என்று புகழ்ந்தவர்களும் இருந்தார்கள். நம் வயசுப் பையன் ஒருவன் செத்துக் கிடக்கிறான், தேடப்படுகிறவர் "ஹீரோ" ஆகிறார்! கோயில் கேமராவுக்குத் தெரிந்தது இவர்கள் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? மீசை முறுக்கி ஊரைக் காப்பவரை முப்பது வருஷமாகத் திரையில் பார்த்துப் பழகிய கண்ணல்லவா?

நாற்காலி

திரை மாறவே இல்லையா என்றால், மாறியிருக்கிறது. பா. ரஞ்சித்தும் மாரி செல்வராஜும் கடைசி வரிசையில் நின்றவர்களுக்குப் பெயரும் வசனமும் கொடுத்தார்கள். 2023ல் கமல்ஹாசனும் இருந்த 'மாமன்னன்' விழா மேடையிலேயே மாரி செல்வராஜ், 'தேவர் மகன்' தன்னை எவ்வளவு பாதித்தது என்பதையும், அதில் வடிவேலு நடித்த இசக்கிதான் தன் மாமன்னன் என்பதையும் சொன்னார். 1992ல் கை வெட்டுப்பட்ட அதே வடிவேலு, 31 வருஷம் கழித்து சேலம் பக்கத்து எம்.எல்.ஏ.வாக வருகிறார். கட்சிப் பிரமுகர் முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கும் அவரை, மகன் உட்காரச் சொல்கிறான். படமே அந்த ஒரு நாற்காலிதான்.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். முதலாமாண்டு சேர்க்கையன்று கையெழுத்துப் போட வந்த எங்க அப்பாவிடம், ஆபீஸில் இருந்தவர் "உட்காருங்கணா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அப்பா "இருக்கட்டுங்க" என்று கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். நிற்கப் பழகிய காலுக்கு உட்காரச் சொல்லித் தர ஒரு தலைமுறை ஆகிறது. அதனால்தான் அந்தப் படம் எனக்கு வெறும் படமாகத் தெரியவில்லை.

"இப்படிப்பட்ட படங்கள்தான் சாதியைக் கிளறி விடுகின்றன, எல்லோரும் ஒற்றுமையாகத்தானே இருக்கிறோம்" என்று ஹாஸ்டலில் சில நண்பர்கள் வாதம் செய்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன். தலைப்பிலேயே சாதிப் பெயரை வைத்துப் படம் வந்தபோது கிளறாத சாதி, கீழே நின்றவன் பேச ஆரம்பித்ததும் மட்டும் எப்படிக் கிளறிக் கொள்கிறது?

இதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. 'மாமன்னன்' வெளிவந்த பிறகு அதில் சாதி வெறி பிடித்த வில்லனாக வரும் ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டைச் சேர்த்து, வீடியோ போட்டுக் கொண்டாடினார்கள். டைரக்டர் யாரை வில்லன் என்று காட்டினாரோ அவரையே கதாநாயகன் ஆக்கிவிட்டார்கள்! செய்தவர்களில் நம் வயசுக்காரர்கள் நிறைய. நல்ல படம் வந்தால் மட்டும் நாடு திருந்திவிடாது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

நம் கையில் இருக்கும் கேமரா

முன்பெல்லாம் கேமரா கோடம்பாக்கத்துக்காரர் கையில் இருந்தது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது. 2020ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கழுத்தைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றதை உலகத்துக்குக் காட்டியது, 17 வயதுப் பெண் ஒருத்தி தன் செல்போனில் எடுத்த வீடியோதான். அந்தப் போலீஸ்காரர் மறு வருஷம் குற்றவாளி என்று தீர்ப்பானது. நம்மைவிட ஒரு வயது சின்னவள்! அதே மாதிரி செல்போனில் நாம் என்ன செய்கிறோம்? சாதித் தலைவர் பிறந்த நாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறோம், கை கயிறு நிறத்தைக் காட்டி ரீல்ஸ் போடுகிறோம். பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் கலர் கயிறு கட்டக்கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024ல் அரசுக்குப் பரிந்துரை செய்ய வேண்டி வந்ததே, அது நம் தலைமுறைக்குப் பெருமையா?

எனவே நம் மாணவர் மன்றத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதோடு நிறுத்தாமல், வருஷத்துக்கு இரண்டு படமாவது திரையிட்டு, முடிந்ததும் ஒரு மணி நேரம் பேச வேண்டும். 'நாட்டாமை'யையும் போடுவோம், 'மாமன்னன்' படத்தையும் போடுவோம். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று எண்ணிப் பார்ப்போம். இரண்டு, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சாதி வீடியோ வந்தால் அட்மின் அதை உடனே நீக்க வேண்டும் என்று தீர்மானம் போடுவோம். மூன்று, ஹாஸ்டலில் புதிதாகச் சேருகிற ஜூனியரிடம் "எந்த ஊரு, எந்தப் பக்கம், அங்க நீங்க யாரு?" என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்பதை இந்த வருஷத்தோடு நிறுத்துவோம். பெயரையும் பிரிவையும் கேட்டால் போதுமுங்க!

நாளைக்கு நாம் கம்பெனிகளில் சூப்பர்வைசர் ஆவோம். நமக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்வார்கள். அவர்களில் யாரை உட்காரச் சொல்வோம், யாரை நிற்க வைப்போம் என்பதை எந்த டைரக்டரும் வந்து நமக்குச் சொல்லித் தரப் போவதில்லை. அந்தப் பழக்கத்தை டிப்ளமோ கையில் வாங்குவதற்குள், இந்த வளாகத்திலேயே தொடங்குவோம்!