போர் வீல் பிக்கப் வாங்குமுன் பாதையை எண்ணுவோம்

வீடு ஓரிடம், வயல் வேறிடம் என்ற வாழ்க்கை மன்னார் மாவட்டத்து விவசாயக் குடும்பங்களுக்குப் புதியதல்ல. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் வேரூன்றிய முசலி மக்களுக்கு இன்றும் இரண்டு ஊர். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு, எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்த தமது காணிகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். மாந்தை மேற்கு மக்கள் 2008 இல் போரோடு நகர்ந்து, 2009 இல் மெனிக் பாம் முகாம் வரை சென்று மீண்டவர்கள். மீண்ட பின்னரும் பிள்ளைகளின் படிப்புக்காகவோ, வீடு கட்டி முடியாததாலோ, குடிநீர் இல்லாததாலோ நகரப் பக்கத்தில் தங்கி, வயலுக்கு நாள்தோறும் போய் வருபவர்கள் பலர்.

போய் வருவது சிறிய காரியமல்ல. ஆள் போகாத வயலுக்கு மாடு போகும், பன்றி போகும், பிறகு காடு வரும். நீண்ட காலம் ஆளின்றிக் கிடந்து காடு மூடிய காணிகளின் கதி என்ன என்பதை, 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது எழுந்த பிணக்கின் மூலம் முசலி மக்கள் நன்கு அறிவர். ஆகவே வயலுக்குப் போய் வரும் வழி என்பது காணியைக் காத்துக்கொள்ளும் வழியுமாகும்.

இந்த நிலையில்தான் பழைய நாலு சில்லு இழுவைப் பிக்கப், அதாவது நம்மவர் சொல்லும் போர் வீல், பலருடைய கனவாக இருக்கிறது. மழையிலும் போகலாம், நெல்மூடை ஏற்றலாம், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். தனி ஒரு குடும்பத்தின் அன்றாடப் போக்குவரத்துக்கு இந்த வாகனம் பெரும்பாலும் சுமையே. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வைத்திருந்தால் அது பலம். எப்படி வாங்கினாலும் அதன் அழகைப் பார்த்து வாங்கக்கூடாது.

எத்தனை நாளுக்கு?

மெதவாச்சி – தலைமன்னார் ஏ14 வீதியும், பூநகரிக்குச் செல்லும் ஏ32 வீதியும் இப்போது காப்பற் வீதிகள். அவற்றில் போக நாலு சில்லு இழுவை தேவையில்லை. சிக்கல், வீதியை விட்டு இறங்கியபின் வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றரில்தான் இருக்கிறது. முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. வெயிலில் வெடிப்பு விடும் அந்த மண், மழையில் பசைபோல் சில்லைச் சுற்றிக்கொள்ளும். தீவுப் பகுதியிலோ சேறு அல்ல, மணலே எதிரி. ஆனால் காலபோகத்தோடு வரும் வடகீழ்ப் பருவமழை சில மாதங்களே. மற்ற மாதங்களில் அதே வரம்புப் பாதையில் சைக்கிளும் ஓடுகிறது.

எனவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கட்டும். கடந்த ஆண்டில் பாதை மோசமானதால் மட்டும் வயலுக்குப் போக முடியாமற்போன நாட்கள் எத்தனை? அந்த நாட்களில் பாதித் தூரம் மோட்டார் சைக்கிளில் போய், மீதியை நடந்திருக்க முடியாதா? சுமை ஏற்ற வேண்டிய நாட்கள் எத்தனை? அவற்றுக்கு லாண்ட் மாஸ்டரை வாடகைக்குப் பிடித்தால் எவ்வளவு முடியும்? பத்துப் பதினைந்து நாட்களுக்காக முந்நூற்று அறுபத்தைந்து நாட்களும் ஒரு வாகனத்துக்குத் தீனி போடுவதா என்பதே கேள்வி.

தீனியின் கணக்கு

ஒரு வழி 20 கிலோமீற்றர் என்று வைப்போம். மாதத்தில் 25 நாள் போய் வந்தால் 1,000 கிலோமீற்றர். பழைய போர் வீல் டீசல் பிக்கப் ஒரு லீற்றருக்கு 9, 10 கிலோமீற்றர் ஓடினால் நல்லது. ஆக மாதம் 100 லீற்றருக்கு மேல். சிறிய மோட்டார் சைக்கிள் அதே தூரத்தை 20, 25 லீற்றர் பெற்றோலில் முடித்துவிடும். 2021 டிசெம்பரில் டீசல் லீற்றர் 121 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். 12,100 ரூபாயில் முடிந்த அதே 100 லீற்றர் ஆறே மாதத்தில் 46,000 ரூபாயாயிற்று. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களும் வரிசையில் நாட்கணக்கில் நின்றனர். அப்படி ஒரு காலம் மறுபடியும் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாங்கும் விலையும் இன்னொரு பாரம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டில் முப்பது வயதுப் பிக்கப்புக்கும் மணமகன் விலை வந்துவிட்டது. காணி உறுதியையோ தாலிக்கொடியையோ ஈடுவைத்தும், லீசிங் எடுத்தும் இதை வாங்குவதை நாம் எதிர்க்கிறோம். தவணை மாதந்தோறும் வரும். விளைச்சலோ ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. வயலுக்குப் போவதற்காக வாங்கிய வாகனமே வயலை விழுங்க நாம் வழிவிடக்கூடாது.

வாங்குவதானால் எதை?

சேர்ந்து வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் எளிமையான இயந்திரத்தையே தேடவேண்டும். 1988 முதல் 1997 வரை வந்த டொயோட்டா ஹைலக்ஸ், அதே காலத்து மிற்சுபிசி எல்200, நிசான் பிக்கப் ஆகியவற்றின் பழைய டீசல் இயந்திரங்களைச் சாதாரண மெக்கானிக் ஒருவரே திருத்தலாம். பின்னர் வந்த கொமன் ரெயில் டீசல் இயந்திரங்கள் வேகமானவை, சிக்கனமானவை. ஆனால் தண்ணீர் கலந்த டீசலை அவை பொறுக்கா. பழுதானால் கணினி வைத்துப் பார்க்கும் கராச்சுக்கு நகரத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும்.

எந்த மாதிரியானாலும் முதலில் வாகனத்தின் அடியில் படுத்துப் பாருங்கள். மன்னாரின் உப்புக் காற்று இரும்பின் எமன். செசியின் வெளியே புதிதாகக் கறுப்புப் பெயின்ற் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். செசி உள்ளே வெற்றிடமானது. கறள் உள்ளிருந்து தின்று வரும். சிறிய சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலிக்கும் இடத்தில் இரும்பு மெலிந்துவிட்டது. இயந்திரத்தை மாற்றலாம், கறள் தின்ற செசியை மாற்ற முடியாது.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்ராட் செய்யுங்கள். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வாருங்கள். நீலப் புகை ஓயாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடான பின்னரும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் உள்ளே பெரிய வேலை இருக்கிறது. ஹைலக்ஸ், எல்200 இயந்திரங்களில் ரைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். சுமார் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. அறுந்தால் இயந்திரமே போய்விடும். முன், பின் டிபரென்சல்களின் மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தின் பின் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

போர் வீல் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை மணலில் ஓட்டிப் பார்த்தே அறியவேண்டும். முன் சில்லுகளின் நடுவில் உள்ள பூட்டைக் கையால் திருப்பி, உயர் நிலையிலும் தாழ் நிலையிலும் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பாவிக்காததால் இறுகிப்போனவை பல. தார் வீதியில் நாலு சில்லு இழுவையைப் போட்டு ஓடக்கூடாது. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடிய தூரம் உருள வேண்டும். இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டால் ரயர் தேயும், பற்சக்கரம் உடையும். தேய்ந்த ரயரோடு நாலு சில்லும் இழுத்தாலும் களியில் நாலு சில்லும் சேர்ந்தே சுற்றும். அருவியாற்றுப் பக்கம் தண்ணீர் பாதையை மூடினால் போர் வீல் இருக்கிறதென்ற தைரியத்தில் இறங்கவும் கூடாது. ஆழமறியாமல் காலை விடாதே என்பது நாலு சில்லுக்கும் பொருந்தும்.

பத்திரம் சுத்தமா?

போர் முடிந்த 2009 இல் வன்னியில் கைவிடப்பட்ட வாகனங்கள் எத்தனையோ. உரிமையாளர் மறைந்தவை, புத்தகம் தொலைந்தவை, ஒன்றின் பாகம் மற்றொன்றில் ஏறியவை எல்லாம் அவற்றுள் அடங்கும். எனவே பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் இரும்பில் உள்ளதோடு ஒப்பிடாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். புத்தகத்தில் ஏதேனும் நிதி நிறுவனம் முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவத்தோடு கைமாறும் வாகனத்தை வாங்காதீர்கள். விபத்து நடந்தால் அதன் பெறுமதி அப்போது புரியும். ஆட்களை ஏற்றுவதற்குப் பதிவாகாத வாகனத்தின் பின்பெட்டியில் கூலியாட்களை ஏற்றிச் சென்றால் காப்புறுதி கைகொடுக்காது.

சேர்ந்து வைத்திருப்பது

கூட்டு வாகனம் சண்டையில் முடியும் என்று சிலர் கூறுவர். ஓரளவு உண்மைதான். ஆனால் 2008, 2009 இல் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் பல குடும்பங்களின் பாத்திரமும் பாயும் விதைநெல்லும் ஒன்றாகச் சென்றதை நாம் மறக்கவில்லை. ஆபத்தில் முடிந்தது அமைதியில் முடியாதா? வேண்டியது ஒழுங்கு. புத்தகம் ஒருவர் பெயரில்தான் இருக்கும். ஆகவே மற்றவர்களின் பங்கு எழுத்தில் இருக்கவேண்டும். அதைக் கமக்காரர் அமைப்பின் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடுங்கள். சாரதி ஒருவரே இருக்கட்டும். ஓடிய தூரத்தை ஒவ்வொரு நாளும் கொப்பியில் பதியுங்கள். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று திருத்த வேலைக்குத் தனியாகச் சேமியுங்கள். கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தை நடத்தும் சகோதரிக்கும் அதில் ஓர் இடம் வையுங்கள். சாரதி அனுமதிப்பத்திரமும் வாகனமும் இல்லாத அவருடைய வயல்தான் முதலில் தரிசாகிறது.

இறுதியாக ஒன்று. வயலுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீற்றருக்குக் கிரவல் போட்டு, ஒரு மதகும் கட்டினால், இந்த வாகனத்தின் தேவையே பாதியாகக் குறையும். அது பிரதேச சபையும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் செய்யவேண்டிய வேலை. போர் வீல் வாங்கும் வசதி உள்ளவர் வாங்கிவிட்டால் பாதையைப் பற்றிக் கேட்கும் குரல் ஒன்று குறையும். வசதியற்றவர் சேற்றில் தனித்து நிற்பார். ஆகவே வாகனம் வாங்கியவரும் வாங்காதவரும் ஒன்றாகப் போய்ப் பாதையைக் கேட்போம். காலபோகம் தொடங்குமுன் கேட்போம்.