கடல் கடக்கும் பட்டம் எது?

றொசல்ல, வட்டவளை, ஹட்டன் பகுதித் தோட்டங்களிலிருந்து பொறியியல் பீடங்களுக்குச் செல்லும் பிள்ளைகள் இன்றும் மிகச் சிலரே. உயர்தரக் கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் கிடைப்பதே இங்கே பெரும்பாடு. அதையும் தாண்டிப் பட்டம் பெற்றவர் வெளிநாட்டில் வேலை தேடுவதில் தவறேதும் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டின் பொறியியலாளர் பலர் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் எல்லாப் பட்டமும் எல்லா நாட்டிலும் செல்லாது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான வொஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் முழு உறுப்புரிமை பெற்றது. அதன் தரச்சான்று பெற்ற கற்கைநெறிகளை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா போன்ற நாடுகளின் பொறியியல் அமைப்புகள் சமமாக ஏற்கின்றன. இந்தியாவும் அதே ஆண்டில் இணைந்தது. எனினும் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அனைத்தும் அதற்குள் அடங்கா. சான்று வழங்கப்படுவது கல்லூரிக்கு அல்ல, கற்கைநெறிக்கு. அது இல்லாதவர் தம் திறனைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், பொறியியல் உரிமத்துக்குக் கனேடிய அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2023இல் நீக்கியது. நம் பட்டதாரிகளுக்கு இது நல்ல செய்தி.

அடகு வைக்கக் காணி உறுதிகூட இல்லாத குடும்பங்கள், பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப, வட்டிக்கு வாங்கி முகவரிடம் பணம் கட்டுகின்றன. அந்த முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். கற்கைநெறியின் சான்று பற்றியோ, பட்டம் முடித்தபின் சொல்லும் ஆலோசனையால் பயனில்லை. உயர்தரப் பெறுபேறு வெளிவரும் வாரத்திலேயே, எந்தக் கற்கைநெறிக்குச் சான்று உண்டு என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் கல்வி அதிகாரிகள் அனுப்ப வேண்டும்.